நீலக் கதவு வீடு

"யாருடா என் வாசக் கதவுக்கு நீலம் அடிச்சது?"

காய்கறிப் பையைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு அக்கா கேட்டாள். பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளலாமா என்று சரித்திரம் ஒரு கணம் யோசித்தார். முழங்கை வரை நீலமாக நிற்கும் ஆளுக்கு அதனால் பெரிய லாபம் இருக்கப்போவதில்லை.

"நான்தாங்க்கா. நாளைக்கே பழையபடி பழுப்பு அடிச்சுக் குடுத்துடறேன். இப்போ உள்ள வா. கதவு மேல படாம வா, ஈரம்."

"என் வீட்டுக்குள்ள நான் போறதுக்கு நீ வழி சொல்றியா?"

அவர் நகர நூலகத்தில் உதவி நூலகர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோயிற்று. ஊருக்கு அவர் சரித்திரம். விடுமுறை நாட்களில் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பழைய தெருக்களில் நடந்தபடியே கதை சொல்வார். ராஜாக்கள், போர்கள் பக்கமெல்லாம் போகமாட்டார். ஊருக்கு முதன்முதலாக வந்த பஸ் எந்த முனையில் திரும்ப முடியாமல் நாள் முழுக்க நின்றது, அதன் நிழலில் யார் கடை போட்டார். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி எழுப்பிய சுவர் எந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையின் மேலேயே ஏறிப் போனது. தீயணைப்பு மணி அடித்ததும் நகரசபைத் தலைவர் பாதி மீசையோடு எந்த முடிதிருத்தும் கடையிலிருந்து ஓடினார்... இப்படி. கேட்பவர்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள். எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். 

பிரச்சினையும் அதுதான். எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

போன மாதம் வெளியூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், எங்க அப்பா பிறந்து வளர்ந்தது உங்க ஊரு, கடிகாரக் கடைத் தெருவுல. அவருக்கு எண்பது வயசு ஆகப்போகுது. எங்க போறோம்னு சொல்லாமலேயே கூட்டிட்டு வந்து அந்த வீட்டு முன்னால நிறுத்தணும்னு ஆசை. நீலக் கதவு. உள்ள சுத்திச் சுத்தி ஏறுற இரும்புப் படிக்கட்டு. வீட்டுக்கு நடுவுல கிணறு. உங்களுக்குத் தெரியுமா?"

"நீலக் கதவு வீடுதானே? தெரியாம என்ன!" என்றார் சரித்திரம்.

வாய் சொல்லி முடித்த பிறகுதான் மூளை தேட ஆரம்பித்தது. தேடிக்கொண்டே இருந்தது. நூலகத்துப் பழைய வரைபடங்களையெல்லாம் விரித்துப் பார்த்தார். கடிகாரக் கடைத் தெருவில் வீடு வீடாக ஏறி விசாரித்தார். நீலக் கதவும் இல்லை, கிணறும் இல்லை, அப்படி ஒரு குடும்பமும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெண் முந்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். கடைசியில், அதே தெருவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குள் ஒரு சுழல் படிக்கட்டு உண்டு என்பது அவர் நினைவுக்கு வந்தது. ஒன்று ஆயிற்று. கதவுக்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும். இரண்டு ஆயிற்று.

"கிணத்துக்கு என்ன பண்ணப் போறே? என் கூடத்தைத் தோண்டப் போறியா?" என்றாள் அக்கா, எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு.

"மூடியாச்சுன்னு சொல்லிக்கலாம்க்கா. இப்ப வந்துடுவாங்க, பாப்பாங்க, நாலு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"இது என் மாமனார் கட்டின வீடுடா. கூடத்துல அவர் படம் தொங்குது. யாரோ வந்து இது எங்க வீடுன்னுவாங்க, நான் பல்லைக் காட்டிட்டு நிக்கணுமா?"

"படத்தை அப்பவே கழட்டி வெச்சுட்டேன்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அத்தான் வெளியே வந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. இளவயதில் அலுவலக நாடகம் ஒன்றில் அவர் பிணமாக நடித்தார். இரண்டு காட்சிகள் இமை கூட அசையாமல் கிடந்ததை மேலதிகாரியே பாராட்டினார். அன்று முதல் வசனம் உள்ள வேஷம் ஒன்றுக்காக அவர் காத்துக்கொண்டிருந்தார்.

சரித்திரம் குறுக்கே வந்து நின்றார். "அத்தான், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். நீங்க வாயே திறக்க வேண்டாம்."

"சேச்சே, ஒரு வார்த்தை பேசமாட்டேன் மாப்பிள்ளை. ஆனா நான் யாரு, அதை மட்டும் சொல்லிடு. வீட்டை வாங்கினவனா, வாடகைக்கு இருக்கறவனா? உள்ளுக்குள்ள ஒரு தெளிவு வேணும் இல்ல?"

பதில் சொல்வதற்குள் தெருமுனையில் கார் திரும்பியது.

முதலில் இறங்கியது மகள். கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். போனுக்குள் வெளியூர்களிலிருந்த அண்ணன், தம்பி, அண்ணி, பிள்ளைகள் என்று முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. சரித்திரம் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு குடும்பத்தை ஏமாற்றுவது ஒன்று. அதை நேரலையில் செய்வது இன்னொன்று.

அப்புறம் பெரியவர் இறங்கினார். ஒல்லியாக, நிமிர்ந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். தெருவை மேலும் கீழும் பார்த்தார். பிறந்த மண்ணைப் பார்த்த முகம் இல்லை அது. விசாரணைக்குக் கூட்டி வந்த ஆளின் முகம்.

'ஆச்சு. வீடு மாறிப்போச்சுன்னு கண்டுபிடிச்சுட்டாரு,' என்று சரித்திரம் உள்ளுக்குள் நடுங்கினார்.

"அப்பா! எங்க வந்திருக்கோம்னு தெரியுதா? கடிகாரக் கடைத் தெரு! பாருங்கப்பா, நீலக் கதவு!"

பெரியவர் கதவை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி சரித்திரத்தின் முழங்கையைப் பார்த்தார்.

"நீலம்," என்றார்.

"ஆ... ஆமாங்க. அப்பப்ப அடிச்சுடுவோம். கலர் மாறிடக் கூடாதில்ல," என்றார் சரித்திரம், கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தபடி.

மகளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "தொடாதீங்க" என்று சரித்திரம் கத்துவதற்குள் ஓடிப்போய் இரண்டு கைகளையும் விரித்துக் கதவைக் கட்டிக்கொண்டாள். திரும்பியபோது ஒரு கன்னமும் இரண்டு உள்ளங்கைகளும் நீலமாக இருந்தன. அவள் கவனிக்கவே இல்லை.

"உங்களுக்குத் தெரியாது சார். நாங்க எல்லாரும் ஒரே ஒரு ரூம்ல வளர்ந்தோம். மழை பெஞ்சா படுக்க இடம் இருக்காது, உக்காந்தே இருப்போம். அப்போ அப்பா இந்த வீட்டைப் பத்திச் சொல்ல ஆரம்பிப்பாரு. கதவு, படிக்கட்டு, கிணத்துக்குள்ள தெரியற நிலா... கேட்டுக்கிட்டே தூங்கிடுவோம். அப்பா ஒரு கடையில மூட்டை தூக்கிட்டிருந்தாரு. அங்க வர்ற கடிகாரப் பெட்டி மேல இந்தத் தெரு பேரு போட்டிருக்கும். 'பாரு, நம்ம தெரு'ன்னு எங்களுக்குக் காட்டுவாரு."

அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். எல்லோரும் உள்ளே நகர்ந்தபோது பெரியவர் சரித்திரத்தின் மணிக்கட்டைப் பிடித்தார். எண்பது வயதுப் பிடி மாதிரி இல்லை.

"தம்பி, உங்ககிட்டத் தனியா ஒரு வார்த்தை பேசணும்."

"பேசலாங்க, பேசலாங்க! முதல்ல படிக்கட்டைப் பாத்துடுங்க!" என்று கையை உருவிக்கொண்டு சரித்திரம் கூடத்துக்குள் பாய்ந்தார்.

படிக்கட்டு மானத்தைக் காப்பாற்றியது. மகள் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போனில் காட்டினாள். "வானத்துக்கே போற மாதிரி உயரம்னு சொல்வீங்களேப்பா, இது பொசுக்குனு முடிஞ்சுபோச்சே?" என்று கேட்டபோது, "சின்ன வயசுக் கண்ணுக்கு எல்லாமே உயரந்தாம்மா" என்று சரித்திரம் சமாளித்தார். பெரியவர் மறுபடியும் "தம்பி..." என்று நெருங்கினார். சரித்திரம் அவசர அவசரமாக மகளுக்கு ஜன்னல் கம்பியின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் கம்பியை அக்கா போன வருடம்தான் போட்டாள்.

"சரி சார், கிணறு எங்க?"

"அது மூடியாச்சும்மா. தண்ணி வத்திப்போச்சு. அதனால..."

"தண்ணி வத்தலை," என்றது ஒரு கம்பீரமான குரல்.

சரித்திரம் கண்ணை மூடிக்கொண்டார். அத்தான் கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டார். வெளிச்சம் முகத்தில் விழும்படி ஒரு அடி தள்ளியும் நின்றுகொண்டார்.

"மறைச்சு என்ன ஆகப்போகுது? அந்தக் கிணத்துல ஒரு உயிர் போச்சும்மா. அதுக்கப்புறம்தான் மூடினாங்க. அதோ, அந்த வாஷிங் மெஷின் இருக்கே, அதுக்குக் கீழ."

போனுக்குள் இருந்த முகங்கள் பெரிதாகின.

"யாரு சார்?" என்றாள் மகள், நெஞ்சில் கையை வைத்து.

வசனம் அத்தோடு முடிந்துவிட்டது. அத்தான் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பார்வை பெரியவர் மேல் போய் நின்றது.

"இவரோட தம்பி."

சரித்திரத்தின் காதில் 'ஞொய்' என்று ஒரு சத்தம் கேட்டது. கதவு நிறத்தை ஒருவர் மறக்கலாம், கிணற்றைக்கூட மறக்கலாம். தனக்குத் தம்பி உண்டா இல்லையா என்பதை எவரும் மறக்கமாட்டார்.

"அப்பா! எங்களுக்குச் சித்தப்பா இருந்தாரா? நீங்க ஒத்தைப் பிள்ளைன்னுதானே சொன்னீங்க?"

பெரியவர் அத்தானைப் பார்த்தார். சரித்திரத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து காதோரம் இறங்கியது.

"இருந்தான்மா," என்றார் கடைசியில். "சின்னப் பையன்."

சரித்திரத்துக்குப் புரிந்துவிட்டது. இது மறதி இல்லை. பெரியவர் தெரிந்தே ஆடுகிறார். எதுவரை போவார்கள், போகட்டும் என்று விட்டுப் பிடிக்கிறார். எல்லோர் முன்னாலும், நேரலையில், கடைசியாக ஒரே போடாகப் போடப் போகிறார்.

"சித்தப்பா பேரு என்னப்பா?"

பெரியவர் மிகுந்த மரியாதையோடு அத்தான் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க."

"வீட்டுல குட்டின்னுதான் கூப்பிடுவாங்க," என்றார் அத்தான். அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. போனுக்குள் யாரோ விசும்பினார்கள்.

அக்கா சரித்திரத்தின் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள். "டேய், இனிமே அந்த மெஷின் பக்கம் தனியா நான் எப்படிடா போவேன்?"

"அக்கா, அங்க கிணறே இல்லக்கா! அத்தான் கட்டிவிட்டதுக்கா!"

"எனக்கும் தெரியும்டா. பயம் கேக்குதா?"

கூடத்துக்குத் திரும்பும்போது மகள் அடுத்த கேள்வியோடு காத்திருந்தாள். "அந்தக் காலத்து ஆளுங்க யாராவது இந்தத் தெருவுல இன்னும் இருக்காங்களா சார்?"

"எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்கம்மா," என்று சரித்திரம் முடிப்பதற்கும், "என்ன இங்க கூட்டம்?" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் நுழைவதற்கும் சரியாக இருந்தது.

தையல்காரர் அந்தத் தெருவிலேயே பிறந்தவர். பெரியவரின் வயதுதான் இருக்கும். நீலக் கதவைப் பற்றி விசாரித்தபோது, "இந்தத் தெருவுல அப்படி ஒரு வீடு இருந்ததே இல்ல" என்று அடித்துச் சொன்னவர் இவர்தான். இத்தோடு தொலைந்தோம் என்று சரித்திரம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஐயா, எங்க அப்பாவைத் தெரியுதா? இந்த வீட்டுப் பிள்ளை!" என்று மகள் தையல்காரரின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

தையல்காரர் பெரியவரின் முகத்தை உற்றுப் பார்த்தார். போன வாரம்தான் அவருடைய மகன் அவரை மறதிக்காக டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தான். அன்றிலிருந்து எதையும் மறந்ததாக ஒப்புக்கொள்வதில்லை என்று அவர் உறுதியாக இருந்தார்.

"தெரியாம என்ன!" என்றார்.

அடுத்தவர் வாயில் அந்த வார்த்தை எவ்வளவு பயங்கரமாக ஒலிக்கிறது என்பது சரித்திரத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

"பம்பரம்!" தையல்காரர் விரலை நீட்டினார். "என் பம்பரத்தை எடுத்துட்டு ஓடினவன்தானே நீ?"

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றார் பெரியவர். "நான்தான்."

"சிவப்புப் பம்பரம்."

"சிவப்புதான்."

"கேட்டதுக்கு எடுக்கவே இல்லைன்னு சாதிச்சியே! எங்கப்பா என்னைத்தானே அடிச்சாரு, தொலைச்சுட்டு வந்து பொய் சொல்றேன்னு! எங்கடா அது? எங்க?"

தையல்காரரின் உதடு துடித்தது. கோபம் அசலானது. எப்போதோ யாரோ அந்தப் பம்பரத்தை நிச்சயமாக எடுத்திருக்க வேண்டும். பெரியவர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"தப்புதாம்ப்பா. மன்னிச்சுக்க."

தையல்காரர் அப்படியே உடைந்து அவரைக் கட்டிக்கொண்டார். கழுத்தில் கிடந்த அளவு நாடா இருவரையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. மகள் அழுதுகொண்டே படம் பிடித்தாள். அத்தான் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தார்.

"இதுக்குமேல நான் மனசுல வெச்சுக்க மாட்டேன்," மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "வாசச் சுவத்துல ஒரு கல்லு பதிக்கப் போறோம். அப்பா இந்த வீட்டுல பிறந்தாருன்னு. இப்போ சித்தப்பா பேரையும் சேத்துக்கலாம். நகரசபையில பேசிட்டேன் சார். உங்க பேரைச் சொன்னதும் அவங்க ஒரு கேள்வி கேக்கல. சரித்திரம் சொன்னா சரியாத்தான் இருக்கும், வெட்டிடுங்கன்னுட்டாங்க!"

கல்.

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். பெயிண்ட்டை நாளைக்கே சுரண்டிவிடலாம். கல்வெட்டு? இன்னும் எத்தனையோ காலத்துக்கு இந்தத் தெருவில் போகிறவர்கள் நின்று படிப்பார்கள். இல்லாத கிணற்றில் விழுந்த இல்லாத பையனுக்காக உச்சுக் கொட்டுவார்கள். அவரைப் போல இன்னொரு பைத்தியம் வந்து அதைக் குறித்துக்கொண்டு போகும். சரித்திரத்துக்குக் கூடம் சுற்றியது.

"கல்லா? என் வீட்டுச் சுவத்துலயா?" அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "இங்க பாரும்மா. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். இந்த வீடு யாரோடதுன்னா..."

சரித்திரம் கண்களை இறுக மூடிக்கொண்டு இடி விழுவதற்காகக் காத்திருந்தார். விழவில்லை. திறந்து பார்த்தார்.

பெரியவர் இரும்புப் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தைக் கைகளில் புதைத்திருந்தார். தோள்கள் குலுங்கின. மகள் எதிரே மண்டியிட்டு, "அழாதீங்கப்பா, வந்துட்டோம் இல்ல, நம்ம வீட்டுக்கு வந்துட்டோம் இல்ல" என்று அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க அவர் முகமும் நீலமாகிக்கொண்டே வந்தது.

அக்காவின் கரண்டி மெதுவாக இறங்கியது.

"...யாரோடதா இருந்தா என்ன. முதல்ல எல்லாரும் காபி குடிங்க," என்றாள். "நீ வாம்மா, முகத்தைக் கழுவிக்க."

மகளை அழைத்துக்கொண்டு அக்கா உள்ளே போனாள். அத்தான், கிணறு இருந்த இடத்தைத் தையல்காரருக்குக் காட்டப் போனார். 'எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு' என்று தையல்காரர் சொல்வது கேட்டது. கொஞ்சம் மூச்சு விடலாம் என்று சரித்திரம் யாருக்கும் தெரியாமல் மாடிக்கு ஏறினார்.

துணி காயும் கொடிக்கு அந்தப் பக்கம் போய் நின்ற பிறகுதான் படிக்கட்டு கிரீச்சிடுவது காதில் விழுந்தது. மெதுவாக, நின்று நின்று, யாரோ ஏறி வந்தார்கள். கீழே இறங்க வேறு வழி கிடையாது.

பெரியவர் மாடிக் கதவைச் சாத்தினார். மூச்சு வாங்கியது.

"தம்பி, இப்பவாவது கொஞ்சம்..."

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாங்க. நானே சொல்லிடறேன்." சரித்திரம் முந்திக்கொண்டார். "இது உங்க வீடு இல்ல."

"தெரியும்."

"கதவுக்கு இன்னைக்குக் காலையிலதான் நீலம் அடிச்சேன்."

"உங்க கையைப் பாத்தேன்."

"கிணறு கிடையாது. குட்டி கிடையாது. எல்லாம் எங்க அத்தான் பண்ணினது. உங்க பொண்ணு ஆசை ஆசையாக் கேட்டாங்க, என்னால இல்லைன்னு சொல்ல முடியல. ஆனா கல்லுல வெட்ட என் மனசு ஒப்பாதுங்க." சரித்திரம் கைகூப்பினார். "என்னை என்ன வேணும்னாலும் பேசுங்க. நிஜமான வீடு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு மட்டும் காட்டுங்க. இடிஞ்சு கிடந்தாலும் பரவால்ல. இப்பவே கீழ போயி உங்க பொண்ணு கால்ல விழுந்தாவது உண்மையைச் சொல்லி, எல்லாரையும் அங்க கூட்டிட்டுப் போறேன்."

கீழே மகள் எதற்கோ சிரித்தாள். போனுக்குள் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தன. பெரியவர் அந்தச் சத்தம் ஓயும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சரித்திரத்தின் நீலக் கைகள் இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"காட்டிக் குடுத்துடாதீங்க தம்பி. நான் இந்த ஊருக்கே இன்னைக்குத்தான் முதல் தடவையா வரேன்."